விசை வல்லார் ஆர்வில் டாங்கனுக்கு, இரண்டாவது கையெழுத்தோடு ஒரு மடல்

பனி பொழியும் பள்ளத்தாக்கில் பழுது நீக்கும் பணியையே பற்றுக்கோடாகக் கொண்ட பண்பாளரே! மொண்டானா மலையடிவாரத்தில் முப்பத்தோர் ஆண்டுகள் முகம் சுளிக்காமல் உழைத்த முதுபெரும் வினைஞரே! விரல் நுனியால் இரும்பின் மனமறிந்த வித்தகரே! இடுப்பளவு பனி விழுந்த நாளிலும் கதவடைக்காத ஹக்கபி துப்பாக்கிக் கடை, இன்று நீங்கள் பணி ஓய்வு பெறுவதற்காக நண்பகலிலேயே கதவடைத்து, காட்டுப்பழப் பணியாரங்களைப் பரப்பிவைத்து, கைகூப்பி நிற்கிறது. நான்காவதாக ஒரு விளியும் இங்கே இருந்தது. அது ஏன் இல்லை என்பதைக் கடைசியில் சொல்கிறோம்.

இடுப்பில் மறைத்துச் செல்லும் சிறு கைத்துப்பாக்கியோடு வருகிற எவரும் உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: விசை கரகரவென்று இருக்கிறது, இழுக்கக் கனமாக இருக்கிறது, லேசாக்கிக் கொடுங்கள். நீங்கள் கரகரப்பை எடுத்தீர்கள், கனத்தைத் தொடவில்லை. வீடியோ பார்த்துத் தாங்களே விசைச் சுருளை வெட்டிக் கொண்டுவந்த மேதைகளுக்குப் புதுச் சுருளைப் போட்டுக் கொடுத்து, “இது இடுப்புல வெச்சு நடக்கறது, பந்தயத்துக்கு இல்ல” என்று அனுப்பிவைத்தீர்கள். புதிதாக வாங்கியவர்களிடமோ, பொய்த்தோட்டா போட்டு இரண்டு வாரம் வெறுமனே இழுத்துப் பழகச் சொன்னீர்கள். பாதிக் கரகரப்பு பழகாத விரலில்தான் இருக்கிறது என்பது உங்கள் கட்சி. அப்படிப் போனவர்களில் பாதிப் பேர் விரல் பழகிப்போய்த் திரும்பி வரவே இல்லை. முதலாளி வேட் ஹக்கபி பல்லைக் கடித்த சத்தம் பட்டறை வரை கேட்டது.

வேலை செய்த கை சோதிக்கக் கூடாது என்ற விதியும் நீங்கள் போட்டதே. துப்பாக்கி காலியாக இருப்பதை இரண்டு பேர் பார்த்து, சுடும் நிலைக்கு ஏற்றி, ரப்பர்ச் சுத்தியலால் நாற்புறமும் தட்டி, உள்ளே எதுவும் தானாக நழுவாவிட்டால்தான் வேலைச்சீட்டில் இரண்டாவது கையெழுத்து விழும். எங்களை நம்பவில்லையா என்று பல வருஷம் முணுமுணுத்தோம். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

சென்ற அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை. இந்த மடலை இப்போது வாசித்துக்கொண்டிருக்கும் லோர்னா பெக்ஸ்டெட், அன்று துப்பாக்கி உறைகள் விற்கும் மேசையை விட்டுச் சோதிக்க வந்தார். ஆளில்லாத வீடுகளைத் தனியாகத் திறந்து காட்டி விற்கும் டெஸ் மார்ச்செட்டியின் துப்பாக்கி அது. நான்கு மணிக்கு வாங்க வருவதாக இருந்தார். ஏழாவது தட்டில் உள்ளே ‘டிக்’ என்று ஒரு சத்தம். யாரும் விசையைத் தொடவில்லை. லோர்னா மூன்று முறை தட்டிப் பார்த்தார். மூன்று முறையும் நழுவியது. தோட்டா இருந்து, டெஸ் எங்காவது படியில் இடித்துக்கொண்டிருந்தால், அது தானாகவே வெடித்திருக்கும். சீட்டின் மேற்பகுதியில் இருந்தது உங்கள் கையெழுத்து. வேட் அவரை ஓரமாக அழைத்து, விசை இழுக்கும்வரை பிடித்து நிறுத்தும் உள்பல்லைப் புதிதாக மாற்றிவிட்டுச் சும்மா இருந்துவிடலாம், பெரியவர் மனம் நோகும் என்றார். லோர்னாவும் அரை மணி நேரம் சும்மாதான் இருந்தார். பிறகு துப்பாக்கியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு உங்கள் முன்னால் வந்து நின்றார்.

நீங்களே தட்டிப் பார்த்தீர்கள். ‘டிக்’.

“சீட்டுல எழுதிட்டியா?”

“இல்ல ஆர்வில். முதல்ல உங்ககிட்ட சொல்லிடலாம்னு...”

“எழுதும்மா. எனக்குக் கண்ணாடி இல்லாமலே தெரியற மாதிரி பெருசா எழுது.”

அதற்குப் பிறகுதான், வலது கையில் இரண்டு விரல்கள் கோடையிலிருந்தே மரத்துக் கிடப்பதைச் சொன்னீர்கள். மெருகேற்ற வேண்டிய இடம் எது, தொடவே கூடாத பல்லின் ஓரம் எது என்று விரலுக்குத் தெரியவில்லை. டெஸ்ஸிடம் நீங்களே நடந்ததைச் சொல்லி, ஆலையிலிருந்து வந்த புதுப் பாகத்தைப் போட்டு, இன்னொரு கையால் சோதித்துக் கொடுத்தீர்கள். அதோடு விட்டீர்களா? கோடை முதல் உங்கள் கை பட்ட பத்தொன்பது துப்பாக்கிகளின் சொந்தக்காரர்களையும் தொலைபேசியில் அழைத்தீர்கள். எல்லாமே சோதனையில் தேறியவை. கடையின் பெயர் கெடும் என்று வேட் மன்றாடினார். பண்ணைக்காரர் ஒருவர் மறுமுனையில் கத்தியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

“வெண்ணெய் மாதிரி இருக்குய்யா. எதுக்குத் திருப்பிக் கேக்கறே?”

“உன் விரலுக்கு நல்லாதான் இருக்கும். என் விரல்தான் சரியில்ல. கொண்டா.”

பத்தொன்பதும் வந்தன, பத்தொன்பதும் மீண்டும் தேறின. அப்படியும் அன்றோடு பட்டறை மேசையை விட்டு எழுந்து, கடைசி ஐந்து மாதமும் சுத்தியலோடு அடுத்தவர் வேலையைச் சோதிக்க உட்கார்ந்தீர்கள். கடையின் பெயர் கெடவில்லை. ஊரில் இன்று தாய்மார்கள்கூட, ஆர்வில் கடையில் பார்த்த துப்பாக்கியா என்று கேட்டுத்தான் வாங்குகிறார்கள். எங்களுக்கு அதில் உள்ள பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

செம்மையே செல்வமெனச் சேர்த்தவரே! நீங்களும் உங்கள் துணைவியார் இங்கரும் நோயின்றி நெடுநாள் நிறைந்து வாழ்க! ஆற்றங்கரையில் நாற்காலி போட்டு அமரும்போது, மரத்த விரல்களுக்கும் தூண்டிலில் மீன் இழுப்பது தெரியட்டும்!

இனி அந்த நான்காவது விளி. ‘பிழையே அறியாத பெருந்தகையே’ என்று வேட் ஆசையாக எழுதியிருந்தார். நேற்றுச் சோதித்த லோர்னா அதைச் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் ‘தேறவில்லை’ என்று எழுதிவிட்டார். கண்ணாடி இல்லாமலே தெரியும்படி, பெரிதாக.

எழுதியவர்: வேட் ஹக்கபி
சோதித்தவர்: லோர்னா பெக்ஸ்டெட்
தட்டிப் பார்த்து, தேறினால் மட்டும் பெற்றுக்கொள்பவர்: ........................