‘நல்லாயிருக்கா’ என்று சொல்லுங்கள்

அவைக்குத் தலைமை தாங்கி அமர்ந்திருக்கும் பெரியவர் ஹாஜி மித்வல்லி அவர்களே! மீன்வலையை மடித்து வைத்துவிட்டு வந்திருக்கும் ரஷீத் நகரப் பெரியோர்களே! மடியில் மகவும் மனத்தில் மலையுமாக வந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவர் மீதும் அமைதி பொழியட்டும்!

புற்றுநோய்! சொல்லிவிட்டேன். கூரை இடிந்ததா? நைல் வற்றியதா? அதோ, ஒரு தாய் முக்காட்டுக்குள் முணுமுணுக்கிறாள்: “அந்தப் பேரை எடுக்காதீங்க டாக்டரம்மா!” எடுப்பேன் தாயே! ‘அந்தக் கெட்டது’ என்று கிசுகிசுத்துக் கிசுகிசுத்தே எத்தனை பிள்ளைகளைக் காலம் கடந்து என்னிடம் தூக்கி வந்தீர்கள்! பெயர் சொல்ல அஞ்சிய பகைவனை எந்தப் படை வென்றது?

அன்று எங்களிடம் இருந்தவை நல்ல அணு, கெட்ட அணு எல்லாவற்றையும் சேர்த்துச் சுட்ட மருந்துகள். இன்று வந்திருக்கும் மருந்தோ, உடம்பின் காவல் அணுவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, புற்றணுவின் முன் நிறுத்தி, ‘இவன்தான், அடி!’ என்கிறது. இடுப்பில் கட்டிய சிறு பெட்டி இரவும் பகலும் அதைச் சொட்டுச் சொட்டாக இறக்குகிறது.

ஆனால் அதற்கும் ஒரு முரட்டுக் குணம் உண்டு. சில பிள்ளைகளுக்கு மூளையைத் தொடும். தலைவலி, கைநடுக்கம், நாக்குழறல் கண்டால் நிறுத்தியே ஆக வேண்டும். அதனால்தான் பெட்டியோடு வீடு போன பிள்ளைகளின் தாய்மாரிடம் காலைதோறும் நானே தொலைபேசியில் விசாரிப்பேன்.

ஒரு தாய். பெயர்களை மாற்றிச் சொல்கிறேன்: இன்ஷிராஹ். மகள் ஷஹத், ஏழு வயது, இரத்தப் புற்று. பழைய மருந்துகள் அத்தனையும் கைவிட்ட பிள்ளை. இந்தப் பெட்டி ஒன்றே மிச்சமிருந்த வழி.

“ஷஹத் எப்படியிருக்கா?”

“எங்க டாக்டரம்மா... தலை வலிக்குதுங்குறா. கை நடுங்குது. பேச்சே குழறுது!”

மறுநாளும் அதே பல்லவி, ஊருக்கே கேட்கும் குரலில். பின்னணியில் பெண்கள் உச்சுக்கொட்டும் சத்தம் வேறு.

“உடனே கூட்டிட்டு வா. மருந்தை நிறுத்தணும்.”

வந்தார்கள். குழாயைக் கழற்றத் தாதி கையுறை மாட்டிவிட்டாள். அந்த நேரத்தில் ஷஹத் என்ன செய்தாள் தெரியுமா? என் மேசைமேல் எனக்கென்று நான் ஒளித்து வைத்திருந்த பஸ்பூசா ரவை இனிப்பை, ஒரு துணுக்கும் சிந்தாமல் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்! சிரிக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நடுங்கும் கையா அது? ஒற்றைக் காலில் நில் என்றேன், நின்றாள். பேர் சொல் என்றேன். அப்பன் பேர், பாட்டன் பேர், தெருப்பூனைகளின் பேர் வரை சொன்னாள்.

“எனக்குத் தலையே வலிக்கல டாக்டர். அம்மாதான் அப்படிச் சொல்லுது!”

தாய் அவள் தொடையைக் கிள்ளினாள். பிறகு உடைந்து அழுதாள்.

“போன் வர்றப்ப தெருவே எங்க வீட்ல உக்காந்திருக்கு. நல்லாயிருக்கான்னு எப்படி வாயெடுத்துச் சொல்லுவேன்? எந்தங்கச்சி, இதே நோவு வந்த அவ பையன் பொழைச்சுட்டான்னு எல்லாருக்கும் ஷர்பத் ஊத்தினா. அடுத்த ரம்ஜானுக்கு அவன் இல்ல. கண்ணு பட்டுடுச்சு!”

“கண்ணு படல, பைத்தியக்காரி! அன்னைக்கு இந்த மருந்து இல்ல! இன்னைக்கு இருக்கு, அதை நீயே கழட்ட வெச்சிருப்பே!”

“ஐயோ, கழட்டாதீங்க! சத்தியமா அவளுக்கு ஒண்ணுமில்ல!”

“தெருவுக்கு என்ன வேணா சொல்லிக்க. எங்கிட்ட மட்டும் உள்ளதைச் சொல்லு. மொட்டைமாடிக்குப் போய்ப் புறாக்கூண்டுக்குப் பின்னால நின்னு பேசு.”

போனாள், பேசினாள். பெட்டி கழற்றப்படவில்லை. பின்னர் ஷஹதின் எலும்பு மஜ்ஜையில் தேடினோம். துருவித் துருவித் தேடினோம். ஒரு புற்றணுகூட அகப்படவில்லை!

தாய்மார்களே, ஆராய்ச்சி கண்ணாடிக் குழாயில் மட்டுமா நடக்கிறது? உங்கள் நாவிலும் நடக்கிறது! நீங்கள் மறைக்கும் ஒரு நலம், உங்கள் பிள்ளையின் மருந்தைப் பறிக்கும். ‘இந்த மருந்து மூளையைக் கெடுத்தது’ என்று பொய்யாக ஏடேறி, அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு வரவேண்டிய மருந்தையும் தடுக்கும். நாங்கள் விடமாட்டோம், இந்த நோயை விரட்டாமல் விடமாட்டோம். ஆனால் உங்கள் உண்மை இல்லாமல் எங்களால் ஓர் அடி வைக்க முடியாது!

யாரது, நடுவரிசையில் எழுவது? உட்காரம்மா... இல்லை, இல்லை, நில்! ஒலிபெருக்கியை அவளிடம் கொடுங்கள். வேண்டாமா? சரி, அப்படியே சொல்.

பின்வரிசைக்குக் கேட்கவில்லையா? அவள் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் நான் சொல்கிறேன்:

“அது நான்தான். எம்பேரு தஹானி. எம்பொண்ணுக்கு வந்தது புத்துநோய். இப்ப இல்ல. நல்லாயிருக்கா.”

அவையோரே! ஒரு தாய் தன் பிள்ளையை உங்கள் அத்தனை கண்களுக்கும் முன்னால் நிறுத்திவிட்டாள்! அந்தக் கண்களை இப்போதே காவலாக மாற்றுங்கள். கண் படாதிருக்க மாஷா அல்லாஹ் சொல்லுங்கள்! ஆண்களுக்குக் குரல் இல்லையா? இன்னும் உரக்க! கூரை அதிரட்டும்!

கேட்டாயா தஹானி? இனி மாடிக்குப் போகாதே. கூடத்தில் உட்கார்ந்தே எனக்குப் பதில் சொல். உனக்கும், உன்னோடு குரல் கொடுத்த இந்த அவைக்கும் என் நன்றி. இறைவன் காவலில் இருங்கள்!