போலீசுக்குப் போட்ட பெல்ட்டு

“அலோ… ஆமா, நான்தான்… கத்தாதய்யா, காது கேக்குது… வண்டி திருடு போவல. என்கிட்டதான் கீது.”

கன்னியம்மா திருப்போரூர் குளத்தங்கரை ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டுத்தான் போனை எடுத்தாள். புருஷன் ராஜேந்திரன் மாமல்லபுரத்துக் கல்யாண மண்டப வாசலில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதிப்பான் என்று அவளுக்குத் தெரியும். அவன் சித்தப்பா மகனுக்கு இன்று நிச்சயதார்த்தம். சாப்பிட்ட கையோடு சீட்டாட உட்கார்ந்த மனுஷனுக்கு இப்போதுதான் காரின் ஞாபகம் வந்திருக்கிறது.

“யாரு ஓட்டினாவா?… பேயா வந்து ஓட்டும்? நான்தான் ஓட்டினேன்… ஆமா, ஆமா, லைசென்ஸ் கீது. ரெண்டு வருஷமா பீரோவுல தூங்கினு இருந்துச்சு, உன் புண்ணியத்துல… இல்ல, எங்கயும் இடிக்கல. பூஞ்சேரி கூட்டுரோட்டுல நின்னு, பாத்து, அப்புறம்தான் திரும்பினேன். காலைல நீ திரும்பினியே, அந்த மாதிரி இல்ல.”

காலையில் அதே கூட்டுரோட்டில் ஒரு நாய் குறுக்கே வந்தது. அவன் பிரேக்கை மிதித்த மிதியில், முன்சீட்டு இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு வந்த ஏழு வயது மகள் சிநேகா போய் டேஷ்போர்டில் முட்டினாள். நெற்றி எலுமிச்சம்பழம்போல வீங்கிவிட்டது. மண்டபத்தில் கேட்டவர்களிடமெல்லாம், ஓடி விளையாடும்போது விழுந்துவிட்டாள் என்று கூசாமல் சொன்னான் அந்த உத்தமன். அதைக் கேட்டுக்கொண்டு பந்தியில் உட்கார்ந்த கன்னியம்மா பாதியிலேயே இலையை மூடிவிட்டு எழுந்தாள்.

“சீட்டா?… ஆமா, முன்னாடி இழுத்தேன்… உன் செட்டிங்கா? பெரிய செட்டிங்கு. கால நீட்டிகினு, சாய்ஞ்சிகினு… சலூன்ல சேவிங் பண்ணிக்கவா போற? எனக்குக் கிளச்சு எட்ட வேணாவா? நீயே எக்கி எக்கித்தான் மிதிக்கிற. காலைல நாயப் பாத்தும் பிரேக்கு லேட்டாச்சே, ஏன்னு நெனச்ச?… சும்மா இரு. நாய் மேல பழி போடாத.

“கண்ணாடியா… அதையும் திருப்பிட்டேன். நடுக் கண்ணாடில பின்னாடி வர்ற லாரி தெரியணும்யா. உன் மீசை தெரிஞ்சு யாருக்கு இன்னா லாபம்?… சைடு கண்ணாடிய விரிச்சுதான் வெச்சிருக்கேன். வாங்கின நாள்லேர்ந்து மடக்கியே வெச்சிருந்த. கீறல் வுழுமாம். புள்ள நெத்தி ஒடையலாம், கண்ணாடில கீறல் வுழக்கூடாது…

“பெல்ட்டா? எல்லாரும் போட்டுகினுதான் கீறோம்… பின்னாடி ஏது பெல்ட்டா? சீட்டு கவருக்குள்ள கீதுய்யா. கவர் மாட்டினவன் கொக்கி மேலயே இழுத்து மூடிட்டான். நீயும் பல்ல இளிச்சிகினு ஓட்டினு வந்துட்ட… எப்படி எடுத்தனா? அறுத்தேன். மண்டபத்து சமையக்காரர்கிட்ட கத்தி வாங்கி அறுத்தேன்…”

போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி காதில் வைத்தாள்.

“முடிச்சியா?… ம்… ம்… ஆமாமா, வெல குடுத்து வாங்கின கவருதான். அடேங்கப்பா, இன்னா துக்கம்… நீ பெல்ட்டு போடற லட்சணந்தான் ஊருக்கே தெரியுமே. போலீசு நிக்கிற எடம் வந்தா, துண்டு மாதிரி தோள்மேல இழுத்துப் போட்டுகினு கையால புடிச்சிக்கிற. தாண்டினதும் வுட்டுடற. ஒரு நாளாவது கொக்கில மாட்டினியா? பின்சீட்டுல உன் பொண்ணு இன்னா கேட்டா தெரியுமா? வண்டி கெளம்பி ரெண்டு நிமிஷம் ஆவல, ‘போலீசு போயிட்டாராம்மா, கழட்டிடவா’ன்னு கேக்குறா… சிரிக்காத. நீ கத்துக்குடுத்ததுதான்.

“திரும்பி வரணுமா? எதுக்கு?… உங்கம்மா தேடுமா? யோவ், உங்கம்மா இங்கதான் கீது. என் பக்கத்துல, முன்சீட்டுல. பெல்ட்டு போட்டுகினு முறுக்கு தின்னுகினு கீது… சாவி ஏதா? வேட்டில ஜோபு இல்லன்னு அது சுருக்குப் பையிலதான குடுத்து வெச்ச? அதுதான் எடுத்து நீட்டுச்சு. கெளம்பலாம் வாடின்னு மொதல்ல சொன்னதே அதுதான்… பேச மாட்டேங்குது. கைய ஆட்டுது.”

மாமியார் எல்லம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மகனுக்குப் பரிந்து பேசியே பழகிய வாய் இன்று முறுக்கை விட்டு நகரவில்லை.

“மானம் போவுதா?… சொந்தக்காரங்க பாக்க பஸ் ஏறினா மானம் போயிடுமா? புள்ள விளையாடி வுழுந்துட்டான்னு சொன்னப்ப போவலியா?… சரி, சரி… செங்கல்பட்டு பஸ்ஸப் புடி. அங்கேர்ந்து ட்ரெயின் ஏறி ஊரப்பாக்கத்துல எறங்கு… நாளைக்கா? நாளைக்கு நீ ஓட்டணும்னா, சீட்ட நிமித்தி, கொக்கிய மாட்டி, புள்ளயப் பின்னாடி உக்கார வெச்சி ஓட்டு. இல்லியா, சாவி உங்கம்மா பையிலயே கெடக்கட்டும்…

“நில்லு, ஒன்னு கேக்குறேன். இவ்ளோ நேரம் பேசினியே. சீட்டக் கேட்ட. கண்ணாடியக் கேட்ட. கவருக்கு ஒப்பாரி வெச்ச. புள்ள நெத்தி இப்ப எப்படி கீதுன்னு ஒரு வார்த்த கேட்டியா?”

போனில் மண்டபத்தில் போட்டிருந்த நாதஸ்வரப் பாட்டு மட்டும் தூரத்தில் கேட்டது.

“…இப்ப கேக்குறியா. என்ன எதுக்குக் கேக்குற, அவளையே கேளு. இந்தாடி, உங்கப்பா.”

பின்சீட்டில் சிநேகா பெல்ட்டுக்குள் இருந்தபடியே கையை நீட்டிப் போனை வாங்கினாள். இன்னொரு கையால் ஐஸ் சுற்றிய கைக்குட்டையை நெற்றியில் அழுத்திக்கொண்டிருந்தாள்.

“அப்பா… உம்… வலிக்குது… கொஞ்சந்தான்… நீ பஸ்லயாப்பா வர்ற?… அப்பா, பஸ்ல நடுவுல நிக்காதப்பா. டிரைவரு பிரேக்கு போட்டா முட்டிக்கும். எங்கனா உக்காந்துகினு வா… இன்னாப்பா?… அப்பா?… அம்மா, அப்பா பேசவே மாட்டேங்குறாரு.”

கன்னியம்மா போனை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தாள். அந்தப் பக்கம் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. போனை அணைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.