‘இது என் கைவேலை’ என்று சொன்ன மீட்டர் அண்ணனுக்கு

மண்ணள்ளும் மாபெரும் இயந்திரங்களின் மனமறிந்த மருத்துவரே, கம்பிக்குள் ஓடும் கமுக்கப் பேச்சையெல்லாம் காதில் வாங்கும் கெட்டிக்காரரே, கழுத்தில் மாலை விழ வேண்டிய இந்தப் பணி ஓய்வு நாளிலும் மின்சாரம் அளக்கும் மீட்டரைக் கழற்ற மறுக்கும் எங்கள் மூத்த வல்லுநரே, பணிமனைத் தோழர்கள் அனைவரின் வணக்கமும் தங்களுக்கு உரித்தாகுக!

தங்களுக்கென ஒரு மடலை முன்பே எழுதி, அச்சடித்து, கண்ணாடிச் சட்டமும் போட்டு வைத்திருந்தோம். அதில் ‘பிழையே அறியாப் பெருந்தகை’ என்று தங்களைப் பாடியிருந்தோம். போன வாரம் அதைப் பார்த்துவிட்டு, “இந்த வரி இருந்தா நான் விழாவுக்கு வரல” என்று சொல்லிவிட்டுத் தாங்கள் நடையைக் கட்டினீர்கள். ஆகவே இது இரண்டாவது மடல். அடுக்குமொழி அங்கங்கே தடுமாறினால் அவையோர் பொறுத்தருள வேண்டும். அதிர்ச்சி இன்னும் எங்களை விட்டுப் போகவில்லை, அதிர்ந்து போனவர்களுக்கு எதுகையும் மோனையும் சொன்னபடி கேட்பதில்லை.

லீவரை இழுத்தால் எண்ணெய் பாய்ந்து இரும்புக் கை எழுந்த காலம் ஒன்று இருந்தது. பிறகு லீவர் ஒரு பெட்டியிடம் சொல்ல, அந்தப் பெட்டி இரண்டு மெல்லிய கம்பிகள் வழியே இன்னொரு பெட்டியிடம் சொல்ல, அதற்கப்புறம் கை அசையும் காலம் வந்தது. நாங்கள் முழி பிதுங்கி நின்றோம். திரையில் ‘தொடர்பு இல்லை’ என்று எழுத்து மின்னியவுடன் புதுப் பெட்டி வாங்க ஓடியவர்களை, “தலைவலின்னா தலையையே மாத்துவியா?” என்று தடுத்து நிறுத்தியவர் தாங்கள். இணைப்பு இணைப்பாகக் கழற்றி, அளந்து, நீர் புகுந்த ஒரு சாக்கெட்டையோ எலி கடித்த ஓர் அங்குலத்தையோ விரல் நுனியில் தொட்டுக் காட்டியவர் தாங்கள். அடுத்தவர் டீயை எடுத்துக் குடித்துவிட்டுச் சர்க்கரை போதவில்லை என்று குறையும் சொல்பவர் தாங்கள்தான், அதையும் இந்த நல்ல நாளில் பதிவு செய்கிறோம்.

மீட்டர் அண்ணன் சொன்னால் சொன்னதுதான் என்பது இங்கே எழுதாத சட்டம். அந்தச் சட்டம் ஒருவரை எந்தக் கதிக்கு ஆளாக்கியது என்பதை நாங்கள் அண்மையில்தான் கண்டோம்.

நம் வெல்டரின் மனைவி மண் தோண்டும் இயந்திரத்தின் ஆபரேட்டர். வேலையிடத்தில் அவருடைய இயந்திரத்தின் இரும்புக் கை இறங்கி, அலுவலகக் கொட்டகையின் படிக்கட்டை நொறுக்கியது. அங்கே நின்றிருந்த சர்வேயர் சற்று முன்புதான் நகர்ந்திருந்தார். “லீவர்ல இருந்து கையை எடுத்துட்டேன், அது நிக்கல” என்று அந்தப் பெண் சொன்னார். தூங்கிவிட்டார் என்றது நிர்வாகம். இயந்திரம் நம்மிடம் வந்தது. தாங்கள் அலசிப் பார்த்துவிட்டு, “மெஷின்ல ஒண்ணும் இல்ல” என்றீர்கள். அதோடு அந்தப் பெண்ணின் வாயை அடைத்தாயிற்று. உரிமத்தைப் பறிக்க விசாரணைக்கு நாள் குறித்தார்கள். கட்டிய கணவரே, “அண்ணன் பாத்துட்டு சொல்றாரு, நீ அசந்திருப்ப” என்று சொல்லிவிட்டார். அதன்பிறகு வீட்டில் மனைவி பேசுவதையே குறைத்துக்கொண்டார் என்று வெல்டர் எங்களிடம் சொல்லி அழுதது பின்னால் நடந்தது.

விசாரணைக்கு முன் ஒரு காலையில் தாங்கள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தீர்கள். “நாம ஓட்டிப் பாத்தோம். அந்தப் பொண்ணு ஓட்டி நாம பாக்கலையே” என்றீர்கள். அவரை வரவழைத்து, “சைட்ல எப்படி இருப்பியோ அப்படியே இரும்மா, எதையும் மாத்தாத” என்று ஏற்றி உட்கார வைத்தீர்கள். அவர் கதவைச் சாத்தினார், மின்விசிறியைப் போட்டார். இருக்கைக்குப் பின்னால் மாட்டியிருந்த வயர்லெஸ் செட்டின் மைக்கை எடுத்தார். பணிமனைக்குள் நாம் சோதிக்கும்போது அதைத் தொடுவதே இல்லை, நமக்குக் கைச்சாடை போதும். மணல்மேட்டுக்கு மேலே இரும்புக் கையை இறக்கிக்கொண்டே, “இறக்குறேன், தள்ளி நில்லுங்க” என்று மைக்கை அழுத்திச் சொன்னார். சொல்லிக்கொண்டே லீவரை விட்டு, வெறுங்கையைக் கண்ணாடியில் விரித்துக் காட்டினார். இரும்புக் கை நிற்கவில்லை. முழங்கை வரை மணலுக்குள் போய்ப் புதைந்தது. வெல்டர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இருக்கைக்குப் பின்னாலுள்ள மூடியைத் தாங்களே திறந்தீர்கள். பெட்டிகளின் பேச்சைச் சுமக்கும் அந்த இரண்டு கம்பிகளும் நெடுக ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டே ஓட வேண்டும். அந்த முறுக்குத்தான் வெளி இரைச்சலை உள்ளே விடாமல் காப்பது. அங்கே ஒரு முழ நீளத்துக்கு முறுக்கே இல்லை. தலைவாரி விட்டது போல நேராக, வரிசையாக, டேப் சுற்றிக் கிடந்தன. வயர்லெஸ்ஸின் இரைச்சல் அவ்வழியே புகுந்து, ‘நில்’ என்ற சொல்லை மூழ்கடித்தது. கடைசியாகக் காதில் விழுந்த ‘இறங்கு’ என்ற சொல்லையே மறுமுனைப் பெட்டி பிடித்துக்கொண்டது.

ஓரம் மடித்து டேப் ஒட்டும் அந்த நேர்த்தி இந்தப் பணிமனையில் ஒருவருக்குத்தான் வரும். ஆனால் உள்ளே குனிந்து அதைப் பார்த்தவரும் அவர் ஒருவரே. கம்பியை முறுக்கிவிட்டு, மூடியைச் சாத்திவிட்டு, கோளாறு கிடைத்துவிட்டது என்று மட்டும் தாங்கள் சொல்லியிருந்தால், நாங்கள் கைதட்டிவிட்டுக் கலைந்திருப்போம். தாங்களோ வியர்வையைத் துடைக்காமல் வெளியே வந்து, “எல்லாரும் வந்து பாருங்க. இது என் கைவேலை. முன்னாடி ரிப்பேர் பாத்தப்ப, அழகா இருக்கட்டும்னு நேராக்கித் தொலைச்சிருக்கேன்” என்றீர்கள். ஓய்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது இவருக்கு ஏன் இந்த வேலை என்று எங்களில் சிலருக்குக் கோபமும் வந்தது. கம்பியைத் திரும்ப முறுக்கிச் சரிசெய்துவிட்டு, விசாரணையிலும் தாங்கள் அதையே சொன்னீர்கள். உரிமம் தப்பியது. அந்தக் கோபத்தில் நிர்வாகத்தார் இன்று இந்த விழாவுக்கு வரவில்லை. முன்வரிசை காலியாகக் கிடப்பதில் எங்களுக்கு வருத்தம்தான், மறைக்க மாட்டோம்.

எங்களை அதிகம் உலுக்கியது எது என்று கேட்டால், அன்று அந்தப் பெண் கீழே இறங்கி வந்து தங்களிடம் சொன்னதுதான். “நான் தூங்கிட்டேன்னு நானே நம்ப ஆரம்பிச்சிட்டேன்ணே.” எங்களால் தலை நிமிர முடியவில்லை. ஒருவராவது அவரிடம் இன்னொரு முறை கேட்டிருக்கலாம்.

அண்ணே, தாங்கள் அண்ணியாரோடு நோயின்றி நூறாண்டு வாழ வேண்டும். நன்றாக ஓடும் வாஷிங் மெஷினைக் கழற்றிப் பார்க்கும் ஆசை தங்களுக்கு வராதிருக்க வேண்டும். அப்படியே வந்தாலும் அண்ணியார் பொறுத்தருள வேண்டும். தாங்கள் வாழுமிடமெல்லாம் சொல்லும் செயலும் ஒன்றுக்கொன்று தொடர்பறாமல் தழைக்க வேண்டும் என வாழ்த்தி, ஒரு சேதியும் சொல்லி முடிக்கிறோம்.

அந்த ஆபரேட்டருக்குப் புது இயந்திரம் தருவதாகச் சொன்னார்கள். அவர் வேண்டாம் என்றுவிட்டார். “பழைய வண்டியே குடுங்க. மீட்டர் அண்ணன் கை வெச்ச வண்டி அது” என்றாராம். நாளைக் காலை அதில்தான் ஏறுகிறார்.

என்றும் தங்கள் அன்புக்கு உரிய,
மின்பிரிவுத் தோழர்கள், மெக்கானிக்குகள், வெல்டர், வண்டியோட்டிகள், மற்றும் தங்களிடம் டீயைப் பறிகொடுத்த அனைவரும்