அவள் அழுத்தாத மணி

மணியைக் கண்டால் அழுத்தாத பிள்ளை இன்னும் பிறக்கவில்லை, ஐயா. எங்கள் குடியிருப்பு வாண்டுகள் லிஃப்டுக்குள் நுழைந்ததும் அபாய மணியை அமுக்கிவிட்டு, கதவு திறந்ததும் ஓட்டம் பிடிப்பார்கள். காவலாளியின் மேசைக்கு மேலே மணி அலறும். அவர் வந்து என் வீட்டுக் கதவைத் தட்டுவார். லிஃப்ட் மெக்கானிக் அதே கட்டடத்தில் குடியிருந்தால் ஒரு வாய் நிம்மதியாகச் சாப்பிட முடியாது.

ஒருநாள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து மொட்டைமாடி மோட்டார் அறைக்குப் போனேன். மணிக்கு வரும் ஒயரைக் கழற்றி, முனையில் டேப் சுற்றிவிட்டேன். பட்டனுக்குள் எரியும் சின்ன விளக்குக்கு வேறு ஒயர். அதை நான் தொடவில்லை. அழுத்தினால் விளக்கு எரியும், மணி அடிக்காது. கட்டடமே அமைதியாகிவிட்டது. "பிள்ளைங்க திருந்திட்டாங்க போலிருக்கு" என்று காவலாளிகூடச் சொன்னார்.

அப்புறம் ஒரு பகல். என் மனைவி தன் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு இறங்கினாள். அத்தைக்கு மூச்சிரைப்பு. இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது. மேலே ஒரு வீட்டில் தரைக்கல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் கத்தியது யார் காதிலும் விழவில்லை. உள்ளே போனுக்கு சிக்னல் கிடையாது. நான் வேறொரு கட்டடத்தில் வேலையாக இருந்தேன். சேதி கிடைத்து ஓடிவந்து கதவைத் திறந்தபோது, அத்தை அவள் மடியில் சில்லிட்டுக் கிடந்தார். என்னைத் தான் பெற்ற பிள்ளைபோல நடத்தியவர். அழுதேன், பொய்யில்லை. அழுதுவிட்டு, எல்லோரும் கீழே இருந்த நேரத்தில் மேலே போய் ஒயரை மாட்டினேன். விசாரிக்க வந்தவர்கள் அழுத்திப் பார்த்தபோது மணி ஜோராக அடித்தது.

"அழுத்தினேங்க. அழுத்திக்கிட்டேதான் இருந்தேன். ஏன் யாருமே வரல?" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்டாள் என் மனைவி. தூக்கம் போயிற்று. குளியலறைக் கதவைக்கூடச் சாத்த மாட்டாள். அவளுடைய அண்ணன், என் மச்சான், ஒரு மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போனார்.

அந்த அம்மாள் சொன்ன வழி எளிமையானது. தினம் சாயங்காலம் கண்ணை மூடி உட்கார வேண்டும். நம்பிக்கையான ஒருவர் பக்கத்தில் இருந்து கேட்க வேண்டும்: எங்கே நிற்கிறாய், என்ன தெரிகிறது, உடம்பில் எங்கே இறுகுகிறது? இறுகும் இடத்தில் நின்று மூச்சு விட்டு, அடுத்த அடி. அப்படித்தான் அந்தப் பெட்டியிலிருந்து வெளியே வர முடியும் என்றார். என்னிடம் தனியாக, "நீங்க ஒரு வார்த்தையும் சேர்க்கக் கூடாது. 'அப்புறம்?'னு மட்டும் கேளுங்க" என்றார். நல்ல பெண்மணி. அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை.

படுக்கையறைத் திரையை இழுத்துவிட்டு உட்காருவோம். முதலில் நியாயமாகத்தான் கேட்டேன். அவளும் தேறினாள், கொஞ்சம் சாப்பிட்டாள். ஒரு சாயங்காலம் திடீரென்று சொன்னாள்: "விளக்கு எரியுதுங்க. பட்டன்ல விளக்கு எரியுது. ஆனா சத்தமே வரல."

லிஃப்டைப் பற்றித் தெரிந்த யார் காதில் அது விழுந்தாலும் நான் மாட்டிக்கொள்வேன்.

"எந்தக் கையால அழுத்தினே?" என்று கேட்டேன். வெறும் கேள்விதானே, ஐயா.

"வலது கை... அம்மா தலைக்குக் கீழ இருக்கு."

"அப்போ இடது கையா?"

"இடது கையில அம்மாவோட மருந்துப் பை."

"அப்புறம்?"

அவள் கண்ணைத் திறந்து தன் இரண்டு கைகளையும் பார்த்தாள்.

அதற்குப் பிறகு நான் அவசரப்படவில்லை. விளக்கு எரிந்ததா, எரிய வேண்டும் என்று நினைத்தாயா என்று கேட்டேன். இன்னொரு நாள், அழுத்தியிருந்தால் மணி அடித்திருக்குமே என்றேன். பதறாமல், குரலை உயர்த்தாமல். கொஞ்சம் கொஞ்சமாக அந்த விளக்கு அணைந்தது.

"நான் கையே எடுக்கலையாங்க? அப்போ அம்மாவை நான்தான்..."

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. 'அப்புறம்?' என்று மட்டும் கேட்டேன்.

"நீங்க இல்லேன்னா இது எனக்குத் தெரியாமலே போயிருக்கும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மச்சானிடம் அவளே சொன்னாள். அவர் வருவதை நிறுத்திவிட்டார். ஆலோசகரிடம் போவதையும் நாங்கள் நிறுத்தினோம், வீட்டிலேயே நன்றாக நடக்கிறதே என்று. எப்போதாவது தூக்கத்தில் "விளக்கு" என்பாள். மறுநாள் மறுபடி முதலிலிருந்து உட்காருவோம். பிறகு அவள் அந்த அறையை விட்டு வருவதே இல்லை. சமைத்தேன், ஊட்டினேன், தலை வாரிவிட்டேன். இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்கள்.

நான் வேலைக்குப் போயிருந்தபோது அவள் படியிறங்கி, போலீஸ் ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்து, "எங்க அம்மாவைக் கொன்னது நான்தான்" என்று சொல்லுவாள் என நான் எதிர்பார்க்கவில்லை. நீங்கள் வேறொரு மெக்கானிக்கை அனுப்பினீர்கள். தூசி படிந்த ஒயர்களுக்கு நடுவே ஒன்றின் முனை மட்டும் புதிதாக முறுக்கியிருப்பதை அவர் பார்த்துவிட்டார். கெட்டிக்காரர்.

ஆமாம். ஒயரைக் கழற்றியது நான். அத்தை செத்தது என்னால். அதை மறைக்க, பழியை என் மனைவியின் தலையில் அவளைக் கொண்டே ஏற்றவைத்ததும் நான். எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் நேற்று நீங்களே அவளிடம் சொல்லிப் பார்த்தீர்கள். "உன்மேல தப்பே இல்லம்மா, மணி ஒயரைக் கழட்டி வச்சிருந்தாங்க" என்றீர்கள். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் என்ன சொன்னாள்? "இல்லீங்க சார். நான் அழுத்தவே இல்ல. எனக்கு நல்லாத் தெரியும்." நீங்கள் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். மறைப்பானேன், எனக்கு அப்போது பெருமையாக இருந்தது.

அதனால்தான் கேட்கிறேன். நீங்கள் சொன்னாலும் ஆலோசகர் சொன்னாலும் அவள் நம்ப மாட்டாள். சாயங்காலம் கொஞ்ச நேரம் என்னை வீட்டுக்கு விடுங்கள், காவலுக்கு ஆள் வேண்டுமானாலும் அனுப்புங்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் வெளியே வந்துவிடுவாள். பாவம், அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?