நாற்பத்தொரு தப்படி

1984-ஆம் வருடம் ஜனவரி 20-ஆம் தேதி வெள்ளிக்கிழமை மாலை நாலரை மணிக்குத் தானாகவே போளூர் காவல் நிலையத்துக்கு வந்த கீழ்க்கண்டவர் சொல்லச் சொல்ல, தலைமைக் காவலர் சுப்பராயன் எழுதிக்கொண்டது:

என் பெயர் கிருபானந்தம். வயது 36. தகப்பனார் பெயர் ஆரோக்கியசாமி. ஆம்பூர் டவுனில், ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிறேன். ஷூ மேல்தோல் தைத்து ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் கட்டிங் பிரிவில் பதினாலு வருடமாக வேலை. மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் இருக்கிறார்கள். என்னை யாரும் கூப்பிட்டனுப்பவில்லை. இதே நிலையத்தில் 17-ஆம் தேதி நான் கொடுத்த வாக்குமூலத்தில் பொய் இருக்கிறது, அதை மாற்ற வந்திருக்கிறேன். நாளைக் காலை எட்டு மணிக்குள் இது வேலூர் மருத்துவமனைக்குப் போய்ச் சேர வேண்டும். அதனால் வேகமாகச் சொல்கிறேன். எழுதுவதற்குச் சிரமமாக இருந்தால் ஏட்டையா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நிசார் அஹமது என்பவர் அதே கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்கிறார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். நான் அவரை பாய் என்பேன், அவர் என்னைக் கிருபா என்பார். மேஜை மேல் குனிந்தே தோல் வெட்டி, ஆறு வருடத்துக்கு முன் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மூன்று வாரம் எழுந்திருக்க முடியவில்லை. அதன் பிறகு எருமைத் தோலில் நானே ஒரு பெல்ட் வெட்டினேன், உள்ளே இரும்புப் பட்டை வைத்து, மூன்று பக்கிள் போட்டு நிசார் தைத்துக் கொடுத்தார். அதைக் கட்டிக்கொண்டு பாலாற்று ஓரமாக நடக்க ஆரம்பித்தேன், வலி விட்டது. அதிலிருந்து இடுப்பு வலி என்று யார் சொன்னாலும் பெல்ட்டைக் கட்டு, எழுந்து நட என்பதுதான் நான் சொல்லும் வைத்தியம். கம்பெனியில் ஏழு பேருக்கு அப்படி வெட்டிக் கொடுத்தேன், ஏழு பேருக்கும் குணமானது. பெருமைக்காகச் சொல்லவில்லை. 16-ஆம் தேதி நான் செய்ததற்கு அதுதான் காரணம்.

வெளிநாட்டு ஆர்டர்காரர் ஒருவர் முதுகில் மாட்டும் பெரிய பை ஒன்றைக் கம்பெனியில் விட்டுப் போனார். அதைப் பிரித்துப் பார்த்து, அதே அளவில் கித்தானும் கழிவுத் தோலும் வைத்து நாங்கள் இரண்டு பை செய்தோம். அதன் பிறகு நாலு நாள் சேர்ந்தாற்போல லீவு வந்தால் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவோம். வேண்டுதலா என்று ஏட்டையா 17-ஆம் தேதியே கேட்டார். வேண்டுதல் ஒன்றும் இல்லை. நடந்தால் நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

பொங்கல் லீவுக்கு 14-ஆம் தேதி காலை ஆறு மணிக்கு ஆம்பூரிலிருந்து கிளம்பினோம். ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறி, ஜமுனாமரத்தூர் போய், போளூர் பக்கம் இறங்கி பஸ் பிடிப்பது என்று திட்டம். இரண்டாம் நாள் ஏற்றத்தில் எனக்கு இடுப்பு சுருக்கென்று பிடித்தது. பெல்ட்டை ஒரு ஓட்டை இறுக்கிக்கொண்டேன், வாயைத் திறக்கவில்லை. பின்னால் வந்த நிசார் நடையைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

“இன்னா கிருபா, காலை அகட்டி வெக்கிறே. புடிச்சிக்கிச்சா?” என்றார். இல்லை என்றேன். “பேஜார் பண்ணாத, பையக் குடு” என்று பிடுங்கி, ஸ்டவ், அரிசி, தண்ணீர் டின் எல்லாவற்றையும் தன் பையில் போட்டுக்கொண்டார். அதன் பிறகு அவர் முதுகில் பதினெட்டு கிலோவாவது இருந்திருக்கும், என் முதுகில் ஆறு. இதை 17-ஆம் தேதி நான் சொல்லவில்லை.

16-ஆம் தேதி காலை சுமார் ஒன்பது மணிக்கு, ஒற்றையடிப் பாதையில் இறங்கும்போது, ஓடைக்குப் பக்கத்தில் பனியில் நனைந்திருந்த பாறையில் நிசாருக்குக் கால் வழுக்கியது. எட்டடி உயரம் இருக்கும். உட்கார்ந்த வாக்கிலேயே விழுந்தார், பை அவரைப் பின்னால் சாய்த்தது. நான் இறங்கிப் போய்ப் பையைக் கழற்றினேன். அவருக்கு நினைவு நன்றாக இருந்தது.

“கால்ல எறும்பு ஊர்ற மாரி இருக்குது. என்னை அசைக்காத. நீ போய் ஆள் கூட்டிக்கினு வா” என்றார்.

“படுத்தீங்கன்னா அப்படியே புடிச்சிக்கும் பாய். எழுந்து நடந்தாதான் விடும். எனக்குத் தெரியாதா?” என்றேன்.

இரண்டு தடவை வேண்டாம் என்றார். நான் கேட்கவில்லை. என் இடுப்பிலிருந்த பெல்ட்டைக் கழற்றி அவருக்குக் கட்டி மூன்று பக்கிளையும் இறுக்கினேன். பிறகு அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன், அவர் நின்றார். தன் காலில் நின்றார் என்பதைத் தனியாக எழுதிக்கொள்ளும்படி ஏட்டையாவைக் கேட்டுக்கொள்கிறேன். அதன் பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வலது காலை எடுத்து வைத்தார். இடது காலையும் கொஞ்ச தூரம் எடுத்துத்தான் வைத்தார், அப்புறம் அது இழுக்க ஆரம்பித்தது. திரும்பிப் பார்த்தால் இடது செருப்பு பாதையில் கிடந்தது.

“பாய், செருப்பு” என்றேன். “எந்தச் செருப்பு?” என்றார்.

காலில் செருப்பு இல்லை என்பது அவருக்குத் தெரியவில்லை. பதினாலு வருடம் காலுக்குத் தோல் வெட்டியவன் நான். அந்த இடத்திலேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனாலும் இன்னும் கொஞ்சம் நடந்தால் விட்டுவிடும் என்று சொல்லி நடத்தினேன். அதன் பிறகு அவர் இரண்டு காலும் மடங்கிக் கீழே சரிந்தார். “கால் இல்ல கிருபா” என்றார்.

பிறகு நான் பெல்ட்டை அவிழ்த்து என் இடுப்பில் கட்டிக்கொண்டேன். எதற்கு என்று ஏட்டையா கேட்கிறார். யாராவது பார்த்தால் என்னைக் காட்டிக் கொடுத்துவிடும் என்ற பயம்தான், வேறு காரணம் இல்லை.

அதன் பிறகு ஓடினேன். விறகுச் சுமையோடு வந்த கெங்கம்மாள் என்கிற மலைக்கிராமத்துப் பெண்மணியைப் பார்த்துக் கூட்டி வந்தேன். அவர் நிசாரைப் பார்த்தார், மேலே பாதையைப் பார்த்தார். “இடுப்பு அடிபட்டவன நடக்க வெச்சியா?” என்று கேட்டார். இல்லை, விழுந்த இடத்திலேயே கிடக்கிறார் என்றேன். நிசார் காதில் அது விழுந்தது. பிறகு நாலு பேர் கட்டிலில் வைத்து ரோடு வரைக்கும் தூக்கி வந்தார்கள். அங்கிருந்து புளி லாரியில் போளூருக்கும், போளூரிலிருந்து டாக்ஸியில் வேலூருக்கும் போனோம். “நல்ல வேளை, அசைக்காம கட்டில்லயே கொண்டாந்தீங்க” என்று டாக்டர் என்னிடம் சொன்னார். நான் தலையாட்டினேன். மறுநாள் இங்கே அப்படியே எழுதிக் கொடுத்தேன். மருத்துவமனையில் போலீஸார் நிசாரைக் கேட்டபோது அவரும் அப்படியே சொல்லியிருக்கிறார். நாங்கள் கலந்து பேசவில்லை.

18-ஆம் தேதி சாயந்திரம் வார்டு வாசலில் நிசாரின் மனைவி ஷஹீன் பானு என்னிடம் வந்தார். “அண்ணா, விழுந்தப்புறம் கால் கொஞ்சமாச்சும் ஆடிச்சான்னு டாக்டர் கேக்கறாரு. உடனே மொத்தமா போயிருந்தா ஆப்பரேஷன் பண்ணி பிரயோஜனம் இல்லையாம். இருந்துட்டு அப்புறமா போயிருந்தா பண்ணிப் பாக்கலாம்ங்கறாரு. இவரு உடனே போயிடுச்சின்றாரு. நீங்கதானே பக்கத்துல இருந்தீங்க, சொல்லுங்க” என்றார்.

“ஆமா பாபி, உடனே போயிடுச்சி” என்றேன். என் வாய்தான் அதைச் சொன்னது. அந்த அம்மா என்னை நம்பினார். அதன் பிறகு, “பையில ஒரு செருப்புதான் இருக்குது. இன்னொண்ணு எங்க? எழுந்தா கேப்பாரு” என்றார். நான் படி இறங்கி வந்துவிட்டேன்.

19-ஆம் தேதி காலையில் பெல்ட் கட்டாமல் தனியாகப் போளூர் வந்து மலை ஏறினேன். இடுப்பு வலியில் மூன்று இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் போனேன். செருப்பு கிடந்த இடத்திலேயே இருந்தது, அதன் மேல் ஒரு கல் வைத்திருந்தது. கெங்கம்மாள் வந்து, “நாய் தூக்கிட்டுப் போவாம நான்தான் கல்லு வெச்சேன். ஒத்தக் கால் இழுத்த தடம் அன்னைக்கே தெரிஞ்சிது. நீ வருவேன்னு தெரியும், நாலு நாள் ஆவும்னு நெனைக்கல” என்றார். அவர் எதிரிலேயே தப்படி வைத்து எண்ணினேன். விழுந்த பாறையிலிருந்து செருப்பு வரை இருபத்திரண்டு. செருப்பிலிருந்து அவர் சரிந்த இடம் வரை பத்தொன்பது. ஆக நாற்பத்தொன்று. கேட்டால் இதைச் சொல்ல அந்த அம்மாள் தயாராக இருக்கிறார்.

இன்று மதியம் ஒரு மணிக்கு நிசார் கட்டில் பக்கத்திலேயே டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் நிசாரைக் கேட்டார். நிசார், “அவன் மனசு ஒடிஞ்சி ஒளர்றான் சார், நம்பாதீங்க. நான் எழுந்திருக்கவே இல்ல” என்றார். ரெண்டு பேரும் போலீஸில் ஒரே மாதிரி எழுதிக் கொடுத்துவிட்டு இப்போது மாற்றிப் பேசினால் யாரை நம்பிக் கத்தி வைப்பது, நாளைக் காலை எட்டு மணிக்கு நான் முடிவு பண்ண வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு நிசார் என்னைக் குனியச் சொல்லி, “எனக்குப் போனது போச்சு. உனக்கு ரெண்டு பொண்ணு இருக்குது. வாய மூடிக்கினு வீட்டுக்குப் போ” என்றார். எனக்கு அவர் மேல் முதல் தடவையாகக் கோபம் வந்தது. “என் அரிசியையும் ஸ்டவ்வையும் தூக்கினது போதும் பாய். இதையும் நீங்க தூக்காதீங்க” என்று சொல்லிவிட்டு நேராக பஸ் ஏறி இங்கே வந்தேன்.

எழுதினால் உன் மேலேயே வரும், தெரிகிறதா என்று ஏட்டையா பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். தெரியும் என்றேன். அவர் நடந்தார் என்பது எனக்குக் குற்றமாக இருக்கலாம். டாக்டருக்கு அது வேறு. விழுந்த பிறகும் அவர் கால்களில் உணர்ச்சி இருந்தது, நாற்பத்தொரு தப்படி இருந்தது. கெங்கம்மாள் கல் வைத்துக் காத்த இடது செருப்பை இதோடு ஒப்படைக்கிறேன். உள்ளங்கால் தேய்ந்த அச்சு அவருடையதுதான், அவரே தைத்ததுதான். விசாரணை முடிந்ததும் அதை ஷஹீன் பானுவிடம் கொடுத்துவிட வேண்டும்.

எழுதியதை ஏட்டையா வாசிக்க, முழுவதும் கேட்டேன். நான் சொன்னதுதான் எழுதியிருக்கிறது, விட்டுப்போனது எதுவும் இல்லை. 17-ஆம் தேதி எழுதியதன் கீழும் எல்லாம் உண்மை என்று சொல்லித்தான் கையெழுத்துப் போட்டேன். அது பொய். இது உண்மை.

(ஒப்பம்) ஆ. கிருபானந்தம்

குறிப்பு: நகல் ஒன்று எடுத்து முத்திரை இடப்பட்டது. தபாலில் அனுப்பினால் நேரத்துக்குச் சேராது என்பதால், ஆய்வாளர் அனுமதி பெற்று, மாலை 6.10 வேலூர் பஸ்ஸில் நானே கொண்டு செல்கிறேன். இடது கால் தோல் செருப்பு ஒன்று, உடன் எடுத்துச் செல்லப்படுகிறது. வாக்குமூலம் கொடுத்தவரும் உடன் வருகிறார். உட்கார முடியாததால் நின்றுகொண்டே வருவதாகச் சொல்கிறார்.

சுப்பராயன், த.கா.