வாசலில் மட்டும் எடுக்காத வண்டி

– போதும் வே, சாவிய விடும். இன்னும் இப்படியே முறுக்கினா பேட்டரியும் படுத்துரும்.

– சுத்துதுல்லா அண்ணாச்சி? இஞ்சின் நல்லாத்தான் சுத்துது. பிடிக்கத்தான் மாட்டேங்கு.

– சுத்துறது எனக்கும் கேக்கு. பைய இறங்கி வாரும் யஹ்யா. டீசல் லைன்ல காத்து புகுந்திருக்கு. அத வெளியேத்தாம நீரு சுத்தினாலும் பிடிக்காது, நான் சுத்தினாலும் பிடிக்காது.

– மறுபடியும் காத்தா? ஃபில்டர் மாத்தினிய, ஹோஸ் மாத்தினிய, டேங்குல இருந்து வாற பைப்பக் கழட்டி ஊதியும் பாத்திய. இன்னும் எங்கன இருந்துதான் காத்து வருது?

– அதத்தான் நானும் தேடுதேன். உம்ம லாரிக்கு வயசு கொஞ்சமா?

– தாணுமாலையன் அண்ணாச்சி கை வச்சா துருப்பிடிச்ச இரும்பும் ஓடும்னு மேலப்பாளையம் பூராவும் சொல்லுதான். என் வண்டிகிட்ட மட்டும் உங்க கை தோத்துப் போகுது. இந்தா, அடிக்கான் பாருங்க போனு. அலோ, சொல்லுங்க பீர் முகம்மது பாய். வாறேன் பாய், மெக்கானிக் வந்துட்டாரு. ஆமா, ஆளுங்க பின்னாலதான் உக்காருவாங்கன்னு நேத்தே சொன்னியளே, தெரியும். பொம்பளையளும்தானா? சரி. சரி பாய், வைங்க.

– யாரு வே?

– கல்யாணத்துக்குச் சமைக்கிற பண்டாரி. காயல்பட்டினத்துல கல்யாணம். பிரியாணிச் சட்டி, அடுப்பு, விறகு, எல்லாம் நம்ம வண்டிலதான் போவணும். சமையக்காரங்களும் சட்டியோட சட்டியா பின்னால உக்காந்து வாறாங்க. அண்ணாச்சி, இன்னைக்கு எடுக்காதுன்னா எடுக்காதுன்னு சொல்லிருங்க. நான் பாய்கிட்ட சொல்லிருதேன், அவரு வேற வண்டி பாத்துக்கிடட்டும்.

– என்னத்துக்கு வே இப்படிப் பறக்கீரு? ஒரு இடத்துல நில்லும். அங்கிட்டும் இங்கிட்டும் நடந்தா எனக்கு வெளிச்சம் மறைக்கி.

– எப்படி அண்ணாச்சி நிக்க? வெயில் ஏறிக்கிட்டே போகுது.

– ஒண்ணு கேக்கேன். போன வாரம் சங்கரன்கோயிலுக்கு லோடு கொண்டு போனீரே, ராத்திரி அங்கன தங்கினப்ப காலையில எடுத்துச்சா?

– ஒரே திருப்புல எடுத்துச்சு.

– தூத்துக்குடில?

– அங்கயும்தான்.

– பேட்டையில மரக்கடை வாசல்ல நிறுத்தினீரே?

– அங்கன ஒரு தொந்தரவும் இல்ல. ஏன்?

– அப்போ உம்ம வீட்டு வாசல்ல நின்னாத்தான் இதுக்குக் காத்து பிடிக்கி.

– தெரு சரிவா இருக்குல்லா. வண்டி சாஞ்சு நிக்கதுல டீசல் பின்னால இறங்குதோ என்னவோ.

– இருக்கலாம். இங்கன பாரும், ஃபில்டர் தலையில இந்தக் குட்டி ஸ்க்ரூ. காத்த வெளியேத்துறதுக்கு உள்ளது. இதுக்குக் கீழ ஒரு செம்பு வாஷர் இருக்கும், அது நசுங்கியிருக்கும்னு நினைக்கேன். ஜங்ஷன்ல போயி புதுசு ஒண்ணு வாங்கிட்டு வாரும்.

– ஒரு வாஷருக்கு ஜங்ஷனுக்கா? உங்க பையில இல்லாத சாமானா?

– இருந்தா உம்ம எதுக்கு அனுப்புதேன்? பைக்க எடும், போயிட்டு வாரும்.

– சரி, போறேன். பாய் மறுபடி கூப்பிட்டா என்ன சொல்ல?

– ஒண்ணும் சொல்லாதேயும். வாஷரோட வாரும்.

– ஷம்ஸியா! ஜங்ஷன் வரைக்கும் போயிட்டு வாறேன்.

– அவரு போயாச்சு. ஷம்ஸியா, செத்த வெளிய வாம்மா.

– என்ன அண்ணாச்சி, தண்ணி வேணுமா? மச்சான் என்னமோ சொல்லிட்டுப் போனாக, மிக்ஸி ஓடினதுல காதுல விழல.

– ஜங்ஷனுக்கு அனுப்பியிருக்கேன், ஒரு வாஷர் வாங்க.

– எதுல போனாக? பைக்குலயா?

– பின்ன பறந்தா போவாரு?

– யா அல்லா. ஜங்ஷனுக்குன்னா கொக்கிரகுளம் பாலத்தத் தாண்டிப் போவணுமே.

– பாலத்தத் தாண்டாம எப்படிப் போக? ஏன் இப்படி வேர்த்து நிக்க? தெனம் போற பாலம்தானே?

– ஒண்ணுமில்ல அண்ணாச்சி.

– ஒண்ணுமில்லன்னா ரோட்டையே ஏன் பாக்க? சரி, மொதல்ல இதப் பாரு. வாஷர் என் பையிலயே கிடக்கு. உங்கிட்ட தனியாப் பேசணும்னுதான் அவர அனுப்பினேன். கிட்ட வா. இந்த ஸ்க்ரூ தலையில செவப்பா ஒரு கோடு தெரியுதா?

– பெயிண்டா?

– நகச்சாயம். என் மவளுது. போன தடவ இறுக்கினப்ப ஸ்க்ரூவுக்கும் ஃபில்டருக்கும் சேத்து ஒரே கோடா இழுத்துவிட்டேன். இப்ப கோடு உடஞ்சு, பாதி இங்கிட்டு நிக்கி, பாதி அங்கிட்டு நிக்கி. ஆட்டத்துல தளர்றதுன்னா சங்கரன்கோயில் ரோட்டுக் குழியில தளந்திருக்கணும். இது ஸ்பேனர் போட்டுக் கழட்டினது.

– தெருப் பிள்ளைய ஏதாவது விளையாடியிருக்கும்.

– பானட் மூடியத் திறக்கணும்னா கேபினுக்குள்ள போவணும். கேபின் பூட்டிக் கிடந்துச்சு. சாவி உங்க வீட்டு ஆணியில தொங்குது. எந்தத் தெருப் பிள்ளை உள்ள வந்துச்சு?

– அண்ணாச்சி, மச்சான்கிட்ட சொல்லிராதிய.

– நீதானா?

– நான்தான். நீங்க காத்து எடுக்கும்போதெல்லாம் ஜன்னல்ல நின்னு பாத்துப் படிச்சேன். லோடு இருக்குன்னு தெரிஞ்சா, விடியக்காலம் சுபுஹுத் தொழுகைக்கு எந்திக்கும்போதே வந்து கழட்டிவிட்டுட்டுப் போயிருவேன். பாதி நாளு லோடு வேற வண்டிக்குப் போயிரும். மிச்ச நாளு நீங்க வந்து சரி பண்ணிருவிய. நீங்க தெருவுல வாறதப் பாத்தாலே உள்ளுக்குள்ள உங்கள வைவேன்.

– புருசன் பொழைப்புல நீயே மண்ணப் போடலாமா? என்னம்மா கோவம் அவரு மேல?

– கோவமா? பெருநாளைக்கு ஆத்தூர்ல எங்க உம்மா வீட்டுக்குப் போயிட்டு இந்த வண்டிலதான் திரும்பினோம். நான், மடியில பிள்ள அஸீலா. ஸ்ரீவைகுண்டம் தாண்டி வாறோம். அவுக பக்கம் வாய்க்கா, என் பக்கம் வாழைத்தோட்டம். பேசிக்கிட்டே வந்த மனுசன் பாதி வார்த்தையில நிறுத்திட்டாக. திரும்பிப் பாத்தா கண்ணு திறந்திருக்கு. ஆனா ஆளு அங்கன இல்ல. வாய் எதையோ மெல்லுத மாதிரி அசையுது. ஒரு கை ஸ்டியரிங்க விட்டுட்டுச் சட்டப் பொத்தானத் திருகிக்கிட்டே இருக்கு. வண்டி வாய்க்கா பக்கமா ஒதுங்குது. மச்சான், மச்சான்னு கத்துதேன், காதுலயே விழல. நான் ஸ்டியரிங்கப் பிடிச்சு என் பக்கமா இழுத்தேன். வாழைக்குள்ள ஏறி அமந்து நின்னுச்சு.

– வாழையில ஏத்தினத என்கிட்ட சொன்னாரு. தூக்கம்னாரு.

– தூங்குறவன் கண்ணு திறந்திருக்குமா அண்ணாச்சி? பெறவு வீட்டுலயும் வந்துச்சு. சோறு பிசைஞ்ச கை அப்படியே நின்னுட்டு. தெளிஞ்சதும் ‘ஏன் எல்லாரும் என்னையே பாக்கிய’ன்னு கேக்காக. ஆசுபத்திரிக்கு வாங்கன்னு அழுது பாத்தேன். டாக்டர் வண்டி ஓட்டாதன்னு சொல்லிருவாராம். ‘வண்டி ஓட்டலன்னா நான் யாருடி’ன்னாக. அதுக்கு மேல நான் என்ன பேச?

– இது தெரியாம அவர பைக்குல அனுப்பிட்டேனே.

– அதான் என் உயிரு எங்கிட்ட இல்ல.

– நல்லபடியா வந்துருவாரு. ரோட்டப் பாத்துக்கிட்டே நிக்காத. அப்போ இன்னைக்கும் பின்னால ஆளு ஏறுறாங்கன்னு தெரிஞ்சுதான் கழட்டின.

– இன்னைக்கு நான் தொடல.

– கோடு உடஞ்சிருக்கே தாயி.

– வல்லாஹி தொடல அண்ணாச்சி. எந்திக்கப் போனேன், அஸீலா விழிச்சுக்கிட்டா. அவள அமத்துறதுக்குள்ள வெளுத்துட்டு. இன்னைக்கு வண்டி எடுத்துருமேன்னு பயந்துக்கிட்டு இருந்தேன். எடுக்கலன்னதும் அல்லாவே பாத்துக்கிட்டான்னு நினைச்சேன்.

– கழட்டினது கழட்டினதுதான, இன்னைக்கு மட்டும் என்ன புதுசா சத்தியம்?

– நம்பாட்டா போங்க. ஆனா இன்னைக்கு எடுக்காதுன்னு மட்டும் சொல்லிருங்க. உங்க வார்த்தைய மச்சான் தட்ட மாட்டாக.

– இன்னைக்குச் சொல்லுதேன். நாளைக்கு வேற மெக்கானிக்கக் கூட்டிட்டு வருவாரு. அவன் ஒரு நொடியில இறுக்கிட்டுப் போயிருவான். ஒரு ஸ்க்ரூவ வச்சு எத்தன நாளைக்கு ஒரு மனுசன வீட்டுல நிறுத்துவ?

– வேற வழி எனக்குத் தெரியல.

– இரு. பைக் சத்தம்.

– அவுகதான். அல்ஹம்துலில்லா.

– இந்தாங்க அண்ணாச்சி, வாஷர். வழி பூரா போனு. சட்டிய எல்லாம் தெருவுல இறக்கி வச்சுட்டு வெயில்ல நிக்காங்களாம். எடுக்குமா எடுக்காதா, ஒரு வார்த்தையில சொல்லுங்க.

– எடுக்கும்.

– எடுக்குமா?

– நான் பம்ப அடிக்கேன், நீரு பாத்துக்கிட்டு இரும். நுரையா வருதா?

– வருது.

– இப்ப?

– நின்னுட்டு. டீசல் வருது.

– அப்ப இறுக்கிருதேன். ஏறி சாவியத் திருப்பும். என்ன வே யோசிக்கீரு? இவ்வளவு நேரம் பறந்தீரு, இப்ப ஏற மாட்டேங்கீரு. திருப்பும்!

– எடுத்துட்டு.

– ஒரே திருப்புல. அப்படியே ஓடட்டும், நீரு கீழ இறங்கும். வன்னியராஜுக்கு போன் போடுதேன். பஸ் ஓட்டினவன், வண்ணாரப்பேட்டையில சும்மாத்தான் இருக்கான். இன்னைக்கு அவன் ஓட்டட்டும்.

– என் வண்டிய வன்னியராஜ் எதுக்கு ஓட்டணும்?

– ஸ்ரீவைகுண்டத்துல வாழை எதுக்குச் சாஞ்சுதோ அதுக்குத்தான்.

– சொல்லிட்டியா ஷம்ஸியா?

– சொல்லிட்டேன் மச்சான்.

– வீட்டு விசயத்தத் தெருவுக்குக் கொண்டு வந்துட்ட.

– வண்டி தெருவுலதான மச்சான் ஓடுது?

– அண்ணாச்சி, இவ பயந்தவ. ராத்திரி லோடு அடிச்சுட்டு கண்ண மூடாம கிளம்பினேன், அசந்துட்டேன். அசராத டிரைவர் எவன் இருக்கான்? நீங்க அசந்ததே இல்லையா?

– அசந்திருக்கேன். கண்ணத் திறந்துக்கிட்டு அசந்ததில்ல.

– இவ சொல்லுததக் கேட்டு நீங்களும் பேசுதிய. கதவ விடுங்க, நான் போறேன். அங்கன ஆளுங்க காத்துக் கிடக்காங்க.

– போங்க மச்சான். நான் தடுக்கல. ஒரு நிமிசம் நில்லுங்க, அஸீலாவத் தூக்கிட்டு வாறேன்.

– பிள்ள எதுக்கு?

– நாங்களும் முன்னால உக்காந்து வாறோம். அசதிதான்னா பேச்சுத்துணைக்கு ஆளு வேணும்லா. அஸீலா, வா தங்கம், வாப்பா கடல் பாக்கக் கூட்டிட்டுப் போறாக. ஏறு. நல்லா நகந்து உக்காரு.

– ஷம்ஸியா, வெளையாடாத.

– வெளையாடல. நானும் ஏறிட்டேன். எடுங்க.

– அவள இறக்கு.

– ஏன் மச்சான்? அடுத்தவன் பொண்டாட்டி பிள்ளைய பின்னால உக்காந்து வரலாம், உங்க பிள்ள முன்னால உக்காரக் கூடாதா?

– இறக்குன்னு சொல்லுதேன்லா!

– பிள்ளையப் பயமுறுத்தாதிய. காரணத்தச் சொல்லுங்க, இறங்குதோம்.

– யஹ்யா, கிளட்ச்ச விடாதேயும். நியூட்ரல்ல போடும். ஆமா, பைய. அப்படியே இஞ்சின அமத்திரும். பாரும், போனு அடிக்கி. பண்டாரிதான். எடும்.

– இந்தாங்க, நீங்க பேசுங்க அண்ணாச்சி.

– என்ன சொல்ல?

– வண்டி வருதுன்னு சொல்லுங்க. வன்னியராஜ் கொண்டு வருவான்னு சொல்லுங்க.

– அலோ, பாய். நான் மெக்கானிக் தாணுமாலையன் பேசுதேன். வண்டி சரியாயிட்டு, கிளம்பிரும். ஓட்டிட்டு வாறது வேற ஆளு, நல்ல ஆளு. யஹ்யாவுக்கு உடம்பு சரியில்ல பாய். ஆமா, ஆசுபத்திரிக்குப் போறாரு. வச்சிருதேன்.

– ஆசுபத்திரிக்குன்னு ஏன் அண்ணாச்சி சொன்னிய?

– பின்ன போகாம? நீரு போறீரு, நானும் கூட வாறேன். ஷம்ஸியாவ இனிமே ஒரு வார்த்தை வையாதேயும் வே. இத்தன நாளும் இந்த ஸ்க்ரூவக் கழட்டிவிட்டது அவதான், உம்ம மேல உள்ள கோவத்துல இல்ல, உம்மள இழந்துருவோம்ங்கிற பயத்துல. என்ன, இன்னைக்கு மட்டும் தொடலன்னு சத்தியம் பண்ணுதா. அது ஒண்ணுதான் பொய்யி.

– பொய்யில்ல அண்ணாச்சி. அவ கழட்டுறது எனக்கு எப்பவோ தெரியும். இன்னைக்கு இருட்டோட வந்து பாத்தேன், அவ கழட்டல. பின்னால ஆளு ஏறுறாங்களேன்னு இன்னைக்குக் கழட்டினது நான்.