பாய் சைட்டும் நம்ம சைட்டும்

“…இதெல்லாம் ஒரு சைட்டாம்மா? கார்த்திகை தீபத்துக்கு ரூம் புக்கிங் தொறக்கற அன்னிக்குத்தானா படுத்துக்கணும்? நீயே சொல்லு. இல்ல இல்ல, நீ உக்காரு. வேங்கிக்கால்ல இருந்து வெயில்ல வந்திருக்க. மொதல்ல மோரு குடி.”

மதிவதனி டம்ளரை வாங்கிக்கொண்டாள். ஒரே நேரத்தில் எத்தனை பேர் வந்தால் ஒரு வெப்சைட் தாங்கும் என்று அளந்து சொல்வது அவள் வேலை. இந்த லாட்ஜுக்கும் எதிர் லாட்ஜுக்கும் சைட் செய்துகொடுத்த ஆதவன்தான் அவளை அனுப்பியிருந்தான். லேப்டாப்பைத் திறக்கத்தான் ஓனர் சகாதேவன் விடவில்லை.

“இப்ப நம்ம கிரிவலப் பாதை இருக்குது. பௌர்ணமிக்கு எம்மாஞ் சனம் சுத்துது! என்னிக்காவது ‘மன்னிக்கவும், பிறகு முயற்சிக்கவும்’னு சொல்லியிருக்கா? இந்த சைட்டு சொல்லுதும்மா! சுண்ணாம்பு அடிச்ச செவுரு மாதிரி வெள்ளையா ஒரு பக்கம், நடுவுல இந்த மன்னிப்பு!

அதுக்காக நம்மளுது சோடைனு நெனச்சிடாத. அளந்தே பாத்துட்டேன்! எதிர்ல பாரு, சாந்த் பாஷா பாய் லாட்ஜு. நேத்து டீக்கடையில நின்னுகிட்டு, ‘அண்ணே, எத்தினி பேரு வந்தாலும் என் சைட்டு அசையாது’ன்றாரு. எனக்குப் பொறுக்கல. ரெண்டையும் ஒரசிப் பாத்துடலாம்னு, காலைல எங்க வூட்ல தனத்தையும் மருமவளையும் நம்ம சைட்டைத் தட்டச் சொன்னேன். கல்லு மாதிரி நின்னுச்சு! …ஏம்மா சிரிக்கிற? ரெண்டு பேருன்னா ஆளு இல்லியா?

அப்பறம் பாய் சைட்டு. அதுக்குக் கொஞ்சம் ஜாஸ்தி… எங்க தங்கச்சி மவ கல்யாணத்துக்குப் போட்ட வாட்ஸ்அப் குரூப்பு, அதுல கீழ்பென்னாத்தூர் சொந்தம் பூரா இருக்குது. அப்பறம் கிரிவல குரூப்புங்க. அப்பறம் என் ஸ்கூல் பேட்ச்சு. ‘பத்து மணிக்கு எல்லாரும் இத்தத் தட்டுங்க, வுடாம தட்டுங்க’ன்னேன். தட்னாங்க பாரு! பொத்துனு வுழுந்துச்சு பாய் சைட்டு! எழுந்து நின்னு கை தட்னேம்மா நான்.

திரும்பிப் பாத்தா… நம்மளுதும் படுத்துடுச்சு! எப்பிடி? நம்மளுத ஒருத்தரும் தொடலியே! செய்வினைன்றேன் நான்.

என்னா, அப்பிடிப் பாக்கற? சர்வரா? அது எங்கியோ கெடக்குது. ஆதவன் பய, ‘தனியா சர்வர் போட்டுக்கோங்க மாமா’ன்னுதான் சொன்னான். நான்தான், ‘எதுக்குடா தண்டமா, பாய்க்கு ஒண்ணு வச்சிருக்க இல்ல, அதுலியே ஓரமா நம்மளுதயும் உக்கார வச்சுடு’ன்னு…”

சகாதேவன் எதிர் லாட்ஜைத் திரும்பிப் பார்த்தார்.

“அப்போ… அதுவும் இதுவும் ஒண்ணாவா உக்காந்திருந்துச்சு?”

மதிவதனி மெல்லத் தலையாட்டினாள்.

“ஐயய்யோ! யம்மா, அடுத்து நீ பாய்கிட்டதான போவ? அவருகிட்ட மட்டும் இத்த…”

எதிர் வாசலிலிருந்து சாந்த் பாஷாவின் குரல் தெருவைத் தாண்டி வந்தது.

“சகாதேவண்ணே! என் சைட்டு படுத்துடுச்சு. போன்ல ரூம் கேக்கறவங்களுக்கெல்லாம் உங்க சைட்டத்தான் அனுப்பிட்டிருக்கேன். பாவம், தூரத்துலேருந்து வர்றவங்க. பாத்துப் போட்டுக் குடுங்கண்ணே!”

சகாதேவன் வாயைத் திறந்தார். கையை மட்டும் தூக்கி ஆட்டினார்.

கிடைத்த அமைதியில் மதிவதனி லேப்டாப்பைத் திறந்தாள்.